உணவு வீணாவதை எந்த விளையாட்டின் வழியாகக் கற்றுத் தரலாம்? கொங்குப் பள்ளிகளுக்கு ஓர் ஒப்பீடு

கல்வியாண்டு தொடங்கியதும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரப் பள்ளிகளில் மாணவர் சுற்றுச்சூழல் அமைப்பான பசுமைப் படையின் பொறுப்பாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் அந்த ஆண்டின் செயல்பாடுகளைத் திட்டமிட அமர்கிறார்கள். உணவு வீணாவதைப் பற்றி ஏதேனும் செய்ய வேண்டும் என்ற பேச்சு அநேகமாக எல்லா இடத்திலும் எழுகிறது. சொற்பொழிவும் உறுதிமொழியும் போதாது, பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கற்க வேண்டும் என்பதிலும் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். ஆனால் எந்த விளையாட்டு என்று கேட்டால் ஐந்து வழிகள் முன்வைக்கப்படுகின்றன: தட்டில் மிஞ்சுவதை எடைபோடும் விளையாட்டு, கழிக்கும் பகுதிகளைக் கொண்டு சமைக்கும் பட்டறை, தோட்டம் முதல் சந்தை வரையிலான பரமபதம், கும்மியும் தெருக்கூத்தும், உரக்குழி. பத்து வயது முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து இந்த ஐந்தையும் ஒப்பிட்டு, யாருக்கு எது பொருந்தும் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கலின் அளவை முதலில் பார்த்துவிடலாம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று. இது நுகர்வோரின் கைக்கு எட்டிய உணவில் 19 விழுக்காடு. அதில் 60 விழுக்காடு வீடுகளிலேயே வீணாயிற்று என்பதுதான் நம்மை நேரடியாகத் தொடும் செய்தி. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது. வீணாகும் உணவில் பெரும்பகுதி மற்றக் குப்பையோடு கலந்து வெள்ளலூர் போன்ற கிடங்குகளுக்குப் போய், காற்றுப் புகாத குவியலுக்குள் மக்கி மீத்தேனாக வெளியேறுகிறது. 2030க்குள் தலைக்கணக்கில் இதைப் பாதியாகக் குறைப்பது உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு.

இந்த ஐந்தையும் ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். ஒரு பிள்ளையின் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பிள்ளை முடிவு செய்வதில்லை. வீட்டில் அம்மாவும் ஆத்தாவும், பள்ளியில் சமையல் உதவியாளரும், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரும் முடிவு செய்கிறார்கள். விருந்தோம்பலுக்குப் பேர்போன இந்த மண்ணில் “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ கண்ணு” என்று சொல்லாத கை குறைவு. அந்த அன்பைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே பரிமாறும் கையோடு பிள்ளையைப் பேச வைக்கும் விளையாட்டே பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளையை மட்டும் குற்றவாளியாக்கும் விளையாட்டு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் பயன் தராது.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது எடைபோடும் விளையாட்டு. இதற்கு வேண்டியவை மூன்று வாளிகளும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு எடை மெஷினும், சுவரில் ஒட்டுவதற்கு ஒரு சார்ட் அட்டையும்தான். முதல் வாளி சோற்றுக்கு, இரண்டாவது குழம்புக்கும் காய்க்கும், மூன்றாவது உண்ண இயலாதவற்றுக்கு. இந்த மூன்றாவது வாளியில்தான் விளையாட்டு சூடு பிடிக்கிறது. முருங்கைக்காய்ச் சக்கையும் முட்டை ஓடும் அதற்குரியவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கறிவேப்பிலை எந்த வாளிக்குரியது என்று கேட்டுப் பாருங்கள். ஏழாம் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து, தன் பாட்டி கறிவேப்பிலையை மென்று தின்பார் என்பதைச் சான்றாகக் காட்டும் பிள்ளையும், கசக்கிறது என்று முகம் சுளிக்கும் பிள்ளையும் வாதாடி முடிப்பதற்குள் மதிய இடைவேளை முடிந்துவிடும். வீணாவது எது, தவிர்க்க முடியாத கழிவு எது என்ற வேறுபாட்டை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத் தருவதில்லை.

விளையாட்டை நான்கு வாரங்களுக்கு வகுத்துக்கொள்வது நல்லது. முதல் வாரத்தில் அறிவுரை எதுவும் கூறாமல் நாள்தோறும் எடையை மட்டும் குறிக்க வேண்டும். முன்கூட்டியே அறிவுரை சொல்லிவிட்டால் உண்மையான தொடக்க அளவு கிடைக்காது. இரண்டாம் வாரத்தில், இன்று வாளி எவ்வளவு எடை காட்டும் என்று ஒவ்வொரு வகுப்பும் உணவுக்கு முன்பே ஊகித்து எழுத வேண்டும்; நெருங்கி வந்த வகுப்புக்கு மறுநாள் எடைபோடும் பொறுப்பைப் பரிசாகத் தரலாம். கூடவே, சோறு மிஞ்சியவர்கள் காரணத்தை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாதபடி, நேரமில்லை என்பதற்குப் புளியங்கொட்டை, சுவை பிடிக்கவில்லை என்பதற்கு வேப்பங்கொட்டை, அளவு கூடிவிட்டது என்பதற்குக் கூழாங்கல் என்று ஒரு பானையில் போட்டுவிட்டுப் போகலாம். மூன்றாம் வாரத்தில், பானை சொன்ன காரணத்துக்கு ஏற்ற ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்ய வேண்டும். நான்காம் வாரம் மீண்டும் வெறும் எடைதான்.

கூழாங்கல் அதிகம் விழுந்தால் செய்ய வேண்டிய மாற்றம் எளிமையானது. ஒரு விரலைக் காட்டினால் கால் அளவு, இரண்டு விரலுக்கு அரை அளவு, கையை விரித்தால் முழு அளவு என்று பரிமாறுகிறவருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே ஒரு சைகை மொழியை ஏற்படுத்திவிடலாம். போதாதவர் கூச்சமின்றி மீண்டும் வந்து வாங்கலாம் என்பதும் அதில் உடன்பாடாக இருக்க வேண்டும். “அக்கா, பாதி போதுங்க” என்று சொல்லத் தயங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இரண்டு விரல்கள் பெரிய துணை. சத்துணவு விதிமுறையில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் என்று கணக்கு. ஊட்டத்தை உறுதி செய்ய அப்படி ஒரு பொது அளவு தேவைதான். ஆயினும் ஆறாம் வகுப்பின் சின்ன உருவமும் எட்டாம் வகுப்பில் வளர்ந்து நிற்கும் பையனும் ஒரே கரண்டிக் கணக்குக்குள் அடங்க மாட்டார்கள் என்பதைப் பரிமாறுகிறவர்களே நன்கு அறிவார்கள். அதனால்தான் விளையாட்டு தொடங்கும் முன்பே சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் அழைத்துப் பேசுவது இன்றியமையாதது. சோறு மிஞ்சுவதை எடைபோடுகிறார்கள் என்றால் தம் சமையலின் மீது புகார் எழுதப் போகிறார்கள் என்று அவர்கள் அஞ்சுவது இயல்பு. அவர்களையும் குழுவில் சேர்த்து, காலை வருகைப் பதிவு எத்தனை மணிக்கு அடுப்படிக்கு வந்து சேர்கிறது என்பதையும் பிள்ளைகள் கேட்டறியும்படி செய்தால், வீணாவதில் ஒரு பங்கு தட்டுக்கு வரும் முன்பே தீர்மானமாகிவிடுவது புலப்படும்.

எடையை வேறொன்றாக மாற்றிக் காட்டுவதிலும் இவ்விளையாட்டுக்கு நல்ல வாய்ப்புண்டு. ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை சோறாகிறது. எனவே வாளியில் மூன்று கிலோ சோறு சேர்ந்தால், அது குறைந்தது ஒரு கிலோ அரிசி, அதாவது தொடக்கப் பள்ளியின் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அந்த ஒரு கிலோ அரிசி விளைய, மழையும் பாசனமும் சேர்த்து, உலகச் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. மொட்டைமாடியில் நிற்கும் 500 லிட்டர் தொட்டிகள் ஐந்து. கீழ்பவானி வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு வளரும் கோபி, பெருந்துறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கின் கனம் சொல்லாமலே விளங்கும்.

இதில் ஆபத்தும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. வகுப்புக்கு வகுப்பு போட்டி வைத்து, குறைவாக மிச்சம் வைத்த வகுப்புக்குக் கோப்பை என்று அறிவித்துவிட்டால், பிள்ளைகள் சோற்றைச் சுற்றுச்சுவருக்கு அப்பால் கொட்டுவார்கள், அல்லது வயிறு நிறைந்த தோழியை மிரட்டித் தின்ன வைப்பார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளையும், வீட்டில் காலை உணவு இல்லாததால் பள்ளிச் சாப்பாட்டையே நம்பி வரும் பிள்ளையும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எனவே பெயர் குறிக்கக் கூடாது, பள்ளி முழுவதற்கும் ஒரே எண்ணிக்கைதான் சுவரில் ஏற வேண்டும். தட்டைக் காலி செய் என்பது இவ்விளையாட்டின் பாடமாகிவிடவே கூடாது. வேண்டிய அளவு கேட்டு வாங்கு என்பதே பாடம்.

அடுத்து, சமையல் பட்டறை. மகிழ்ச்சி என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு ஈடு வேறில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையல், கீரைத்தண்டுப் பொரியல், தர்பூசணியின் வெண்பகுதியில் கூட்டு, காலிஃபிளவர் தண்டில் குருமா என்று இரண்டு மணி நேரத்தில் நான்கு குழுக்கள் நான்கு பண்டங்களைச் செய்து ருசி பார்த்துவிடலாம். கொங்குச் சமையலுக்கு இது புதிதும் அன்று. வாழைத்தண்டையும் வாழைப்பூவையும் விடாத, மிஞ்சிய சோற்றைப் பிழிந்து வடகமாகக் காயவைத்த, இரவுச் சோற்றில் நீர் ஊற்றி விடியலில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடித்த வீடுகள் இவை. ஆத்தாமார் ஓரிருவரைப் பயிற்றுநராக அழைத்து வந்தால் பட்டறை பாதி வெற்றி.

ஆனால் சமைத்து மிஞ்சிய உணவை இந்தப் பட்டறைக்குக் கொண்டுவர நான் பரிந்துரைக்க மாட்டேன். வெந்த சோற்றில் உயிர்த்திருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீருக்கும் தப்பிவிடும். சோறு வெகுநேரம் வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு அழியாது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான இடைவெளியில்தான் இத்தகைய நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகுகின்றன. நம் ஊர்ப் பகல் வெப்பம் அதற்குள்தான் வருகிறது. பழைய சோற்றில் நீர் ஊற்றிப் புளிக்க வைக்கும்போது லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் புளிப்பை ஏற்றிக் கெடுதல் செய்வனவற்றை அடக்கி வைக்கின்றன என்பது உண்மைதான். அதற்காக நண்பகல் முழுவதும் மூடி வைத்த சாம்பார் சாதத்தைப் பட்டறைக்கு எடுத்து வருவது பழைய சோறு ஆகிவிடாது. தோல், தண்டு, வதங்கிய காய் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கவலை பெருமளவு தீரும். பாக்கெட்டின் மீது அச்சிட்ட நாட்களைப் படிக்கும் போட்டி ஒன்றையும் இடையே சேர்க்கலாம்: ‘யூஸ் பை’ என்றால் அந்த நாளைத் தாண்டி உண்ணக் கூடாது, ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் அதன் பிறகு சுவையும் மணமும் குறையலாம் என்ற வேறுபாட்டைப் பெரியவர்கள் பலரே அறிந்திருக்கவில்லை.

இன்னொன்று. சமையல் பட்டறை என்றதும் மாணவிகளை மட்டும் அழைத்து, மாணவர்களை நாற்காலி தூக்க அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நாளை விடுதி அறையிலும் வேலைக்குப் போகும் ஊரிலும் தனியாகச் சமைத்து உண்ணப் போகிறவர்கள் இருபாலரும்தான். காய் நறுக்குவதில் பையன்களுக்குப் பங்கில்லை என்றால் அந்தப் பட்டறையை நடத்தாமல் இருப்பதே மேல். எந்த அளவு வாங்குவது, எவ்வளவு சமைப்பது என்ற முடிவு விரைவில் தம் கைக்கு வரப்போகும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பினருக்கு எடைபோடுவதைவிட இதுவே பொருத்தம்.

பரமபதத்தைப் பற்றி எனக்குச் சற்றுக் கூடுதல் ஆசை உண்டு. காரணம், இதைப் பிள்ளைகளே வரைகிறார்கள். கிணத்துக்கடவு, உடுமலை, பல்லடம் பகுதிகளில் தக்காளி விளைச்சல் ஒரே சமயத்தில் குவியும்போது, பறிகூலியும் வண்டி வாடகையும் பெட்டியின் விலையைத் தாண்டிவிடுவதால் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள், அல்லது சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். இது தட்டில் மிஞ்சுவதிலிருந்து வேறுபட்ட இழப்பு. அறுவடைக்குப் பின், கடைக்கு வந்து சேரும் முன்பே உலகில் ஏறத்தாழ 13 விழுக்காடு உணவு இழக்கப்படுவதாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிடுகிறது. பிள்ளைகளை ஒரு காலையில் உழவர் சந்தைக்கோ மொத்த மார்க்கெட்டுக்கோ அழைத்துச் சென்று, எந்தக் காய் ஏன் ஒதுக்கப்படுகிறது என்று கேட்டுக் குறித்துவரச் செய்தால், அந்தக் குறிப்புகளே பரமபதக் கட்டங்களாகின்றன. திடீர் மழை, விலைச் சரிவு, அளவுக்கு மேல் அடுக்கி நசுங்கிய பெட்டி, கோணலாக இருப்பதால் வேண்டாம் என்ற வாடிக்கையாளர் ஆகியோர் பாம்புகள். 1999 முதல் விவசாயியே நேரடியாக விற்க வழிசெய்த உழவர் சந்தை ஓர் ஏணி. சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாக மாதக்கணக்கில் காத்துவைக்கும், பட்டறை எனப்படும் சேமிப்பு அமைப்பு இன்னோர் ஏணி. தோட்டத்து வீட்டுப் பிள்ளை அந்த வெங்காயப் பட்டறையின் அடித்தளம் ஏன் தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது என்று விளக்க, நகரத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பது இவ்விளையாட்டு தரும் பெரும்பேறு. வகுப்பறையில் பேசாத பிள்ளைக்கு அன்று பேசப் பொருள் கிடைக்கிறது.

எனினும் என் அளவுகோலில் இது இரண்டாம் இடத்துக்கே வருகிறது. தக்காளியின் விலையைப் பிள்ளை மாற்ற முடியாது. கோணல் காயை வீட்டுக்கு வாங்கி வரச் சொல்வது மட்டுமே அதன் கைக்குள் இருக்கிறது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளியில் இது வீட்டுத் துயரத்தைப் பொதுவெளியில் வைப்பதாகவும் ஆகிவிடக்கூடும் என்பதால், நடத்துகிறவர் பக்குவமாக நடத்த வேண்டும்.

கும்மியையும் தெருக்கூத்தையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வள்ளிக் கும்மி இன்று ஊருக்கு ஊர் அரங்கேறுகிறது. அந்த மெட்டில் பிள்ளைகள் புதுப் பாட்டுக் கட்டி ஆடினால் ஊரே திரண்டு பார்க்கும். ஆனால் பயிற்சி நேரம் முழுவதும் அடிவைப்புக்கே போய்விடுகிறது. பிள்ளைகள் பிறர் வீணாக்குவதைப் பற்றிப் பாடுகிறார்களே ஒழியத் தாம் எதையும் கண்டறிவதில்லை. தனித்து நிற்கும் பயிலரங்காக இது பலவீனமானது. எடைபோட்டு முடித்த பிள்ளைகள் தங்கள் எண்களையே பாட்டில் வைத்துப் பாடினால் கதையே வேறு.

உரக்குழி பெரும்பாலான பள்ளிகள் முதலில் தேர்ந்தெடுப்பது. நான் கடைசியில் வைப்பது. காய்ந்த இலையும் ஈரக் கழிவும் சரியாகக் கலந்தால் குவியல் சூடேறி மக்குவதைத் தொட்டுப் பார்ப்பது நல்ல அறிவியல் பாடம்தான். ஆயினும் சமைத்த சோறு குழிக்குள் போய் உரமாகிவிடுகிறது என்ற ஆறுதல், சோறு மிஞ்சினால் பரவாயில்லை என்ற எண்ணத்தைப் பிள்ளை மனத்தில் ஊன்றிவிடுகிறது. முதலில் மிஞ்சாமல் தடுப்பது, அடுத்து மனிதருக்குத் தருவது, பிறகு கால்நடைக்கு, அதன் பிறகே உரம் என்ற வரிசையைச் சொல்லித் தந்த பின்னர் தோலுக்கும் சக்கைக்கும் மட்டும் குழி தோண்டலாம். கால்நடைக்குத் தருவதிலும் ஒரு கவனம் தேவை: கழுநீர்த் தொட்டியில் அன்றாடம் சேர்ந்த சிறிதளவு மிச்சம் வேறு, கல்யாண மண்டபத்திலிருந்து ஒரே நாளில் அள்ளி வந்த சோற்றுக் குவியல் வேறு. அதிக அளவு சோற்றை ஒரே வேளையில் தின்ற மாட்டுக்கு இரைப்பையில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு நாள் மட்டுமே ஒதுக்க முடியும் என்றால் சமையல் பட்டறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாள் எடையைக் கொண்டு எதையும் அறிய முடியாது. நான்கு வாரம் கிடைக்கும் அரசுப் பள்ளியோ விடுதியோ எனில் தயக்கமின்றி எடைபோடும் விளையாட்டு. பொள்ளாச்சி, உடுமலை, சத்தியமங்கலம் போன்ற விளைநிலப் பகுதிகளில் அதற்கு முன்னோ பின்னோ ஒரு சந்தை நடையையும் பரமபதத்தையும் சேர்க்கலாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவரும் தனியார் பள்ளியில் பரிமாறும் கை பள்ளிக்குள் இல்லை. ஆகவே அங்கே காரணப் பானையை மட்டும் வைத்து, மாத இறுதியில் அதன் கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளே படித்துக் காட்டுவது பொருந்தும்.

காலத்தையும் கருத வேண்டும். உணவு இழப்பு, வீணாதல் குறித்த பன்னாட்டு விழிப்புணர்வு நாள் செப்டம்பர் 29. நம் பள்ளிகளில் அது காலாண்டுத் தேர்வை ஒட்டியோ விடுமுறையிலோ வந்துவிடுவதால் அன்று எதையும் உருப்படியாக நடத்த முடிவதில்லை. அதைவிட, ஆடி மாதத்தில் எடைபோடத் தொடங்கினால் ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன்பு நான்கு வாரமும் முடிந்துவிடும். அப்போது பெற்றோரை அழைத்து எண்களைக் காட்டி, கும்மியும் ஆடி, வரப்போகும் வீட்டு விசேஷங்களில் பந்திக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுப்பதையும், பாத்திரத்தில் தொடாமல் மிஞ்சுவதை உரிய நேரத்தில் எடுத்துச் செல்ல யாரை அழைப்பது என்பதையும் பேசலாம். மிஞ்சும் விருந்துணவைப் பசித்தோருக்குக் கொண்டு சேர்க்கும் ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு 2014இல் தொடங்கியது கோவையில்தான். இலையில் பரிமாறிவிட்டதை அவர்களாலும் எடுக்க முடியாது என்பதால், பந்தியில் பரிமாறப் போகும் இளைஞர்களுக்கும் அந்த மூன்று சைகைகளைச் சொல்லிக் கொடுத்துவிடுவது நல்லது. பள்ளியில் பழகிய பிள்ளைகளே அதைச் சொல்லித் தரலாம்.